பகுதி நேரப் படைவீரருக்கு அரசு என்ன தருகிறது?

கோவையில் டெரிட்டோரியல் ஆர்மிக்கு ஆளெடுக்கிறார்கள் என்று தெரிந்தால் தென்மாவட்டங்களிலிருந்தும் பக்கத்து மாநிலங்களிலிருந்தும் இளைஞர்கள் முந்தின இரவே வந்து சேர்ந்துவிடுவார்கள். எத்தனை நிமிடத்தில் ஓடி முடிக்க வேண்டும், மார்பளவு எவ்வளவு, என்னென்ன சான்றிதழ் வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. பணி முடிந்து வீடு திரும்பும்போது என்ன கிடைக்கும் என்று கேட்டால் மட்டும், “மிலிட்டரிதானே, பென்ஷன், கேன்டீன், ஆஸ்பத்திரி எல்லாம் வரும்” என்பார்கள். எல்லாம் எல்லாருக்கும் வராது. யாருக்கு எது உண்டு, எது இல்லை என்பதைச் சேரும்போதே தெரிந்துகொண்டால் எத்தனையோ குடும்பங்கள் பிற்காலத்தில் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்க வேண்டியிருக்காது.

டெரிட்டோரியல் ஆர்மி 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த படை. அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜி 1949 அக்டோபர் 9 அன்று அதைத் தொடங்கிவைத்தார். வேலையோ தொழிலோ பார்த்துக்கொண்டே ஆண்டில் சில வாரங்கள் பயிற்சிக்குப் போவது, தேவைப்பட்டால் அழைப்பு வந்ததும் முழுநேரமாகச் சீருடை அணிவது, இதுதான் அதன் அடிப்படை. 18 முதல் 42 வயது வரை சேரலாம். கோவையில் மெட்ராஸ் ரெஜிமென்டைச் சேர்ந்த 110ஆவது பட்டாலியனும், திருச்சியில் கார்ட்ஸ் பிரிவைச் சேர்ந்த 117ஆவது பட்டாலியனும் இருக்கின்றன. ரயில்வே, எண்ணெய் நிறுவனங்கள் போன்றவற்றின் ஊழியர்களைக் கொண்ட துறை சார்ந்த பிரிவுகள் உண்டு. மலையில் மரம் நட்டுக் காடு வளர்க்கும் சுற்றுச்சூழல் பட்டாலியன்களும் உண்டு. ஓய்வுபெற்ற ராணுவத்தினரை வைத்து 1982இல் முசூரி மலைப்பகுதியில்தான் முதல் சுற்றுச்சூழல் பட்டாலியன் வேலையைத் தொடங்கியது. தோனிக்கும் கபில்தேவுக்கும் கிடைத்தது கௌரவப் பதவி. அதை வைத்து இந்தப் படையை எடைபோடக் கூடாது. அழைப்பு வந்தால் எல்லைக்குப் போகிற படை இது. 2025 மே மாதப் பதற்றத்தின்போது, இதன் 32 காலாட்படை பட்டாலியன்களில் 14ஐப் பணிக்கு அழைக்க ராணுவத் தலைமைத் தளபதிக்கு மத்திய அரசு அதிகாரம் கொடுத்தது.

சீருடையில் இருக்கும் காலத்தில் பெரிய வேறுபாடு கிடையாது. பயிற்சிக்கோ பணிக்கோ அழைக்கப்பட்ட நாட்களில் அதே பதவியில் இருக்கும் வழக்கமான ராணுவ வீரருக்கு என்ன சம்பளமும் படிகளும் உண்டோ அதுதான் இவருக்கும். ரேஷன், கேன்டீன், ராணுவ மருத்துவமனைச் சிகிச்சை ஆகியவையும் அந்த நாட்களில் உண்டு.

பலருக்குத் தெரியாத முக்கியமான பாதுகாப்பு ஒன்று இருக்கிறது. ஆறு மாதம், ஒரு வருடம் என்று அழைப்பு வந்து போனால், திரும்பி வரும்போது கம்பெனியில் வேலை இருக்குமா என்பதுதான் எல்லாருக்கும் உள்ள பயம். சட்டத்தின் 7ஏ பிரிவு இதற்காகவே சேர்க்கப்பட்டது. படைப் பணிக்கு அழைக்கப்பட்டுச் சென்றவரை, பணி முடிந்ததும் முன்பைவிடக் குறைவில்லாத நிலையில் முதலாளி மறுபடி வேலைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். மறுத்தால் இதற்கென அரசு குறித்துள்ள அதிகாரியிடம் முறையிடலாம். அதிகாரியின் உத்தரவையும் முதலாளி மதிக்காவிட்டால் நீதிமன்றம் தண்டிக்கலாம், ஆறு மாதச் சம்பளத்துக்குச் சமமான தொகையைக் கொடுக்கச் சொல்லலாம். அபராதம் அதிகபட்சம் 1,000 ரூபாய். ஒரு காலத்தில் அது பெரிய தொகையாக இருந்திருக்கும், இன்று எந்த முதலாளியும் அதற்கு அஞ்ச மாட்டார். இதை உயர்த்தாமல் விட்டிருப்பது சரியில்லை. ஆனாலும் உரிமை உரிமைதான். அடுத்து வரும் 7பி பிரிவு, வேலையிடத்தில் பி.எஃப். போன்ற திட்டங்களில் ஏற்கெனவே இருந்த உரிமை இந்த இடைவெளியால் போய்விடாமல் காக்கிறது. ஆகவே அழைப்பாணை கைக்கு வந்ததும் அதன் நகலோடு முதலாளிக்கு எழுத்தில் தெரிவித்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்கி வையுங்கள். வாய்ச்சொல்லில் சொல்லிவிட்டுப் போனால், பிறகு “சொல்லாமல் நின்றுவிட்டார்” என்று மாற்றிப் பேசுவது அவர்களுக்குச் சுலபம்.

இனி பென்ஷன். சிப்பாய் முதல் சுபேதார் மேஜர் வரையிலான பதவிகளில் இருப்பவர் 15 ஆண்டும், அதிகாரி 20 ஆண்டும் பணி முடித்திருந்தால் பென்ஷன் உண்டு. வழக்கமான ராணுவத்திலும் இதே அளவுதான். வேறுபாடு, அந்த ஆண்டுகளை எப்படி எண்ணுகிறார்கள் என்பதில் இருக்கிறது. டெரிட்டோரியல் ஆர்மியில் பெயர் இருந்த காலம் கணக்கில் வராது. முழுநேரப் பணிக்கு அழைக்கப்பட்டு, படையோடு இணைந்திருந்த காலம்தான் வரும். இதை ‘எம்பாடிடு சர்வீஸ்’ என்பார்கள். ஒருவர் ஆண்டுக்கு இரண்டு மாதம் என்று 15 ஆண்டு தவறாமல் முகாமுக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அத்தனை நாளையும் ஒன்று விடாமல் எண்ணினாலும் 30 மாதம்தான் தேறும். 30 ஆண்டு போனாலும் ஐந்து ஆண்டு. பயிற்சி முகாமை மட்டும் நம்பி யாரும் பென்ஷன் வாங்க முடியாது. மாறாக, காஷ்மீரிலோ வடகிழக்கிலோ தொடர்ந்து பல ஆண்டுகள் பணியில் வைக்கப்படும் பட்டாலியனில் இருப்பவருக்கு 15 ஆண்டு சேர்வது நடக்கக்கூடியதுதான். இடையில் விட்டுவிட்டுப் பணி செய்திருந்தாலும் துண்டு துண்டான காலங்களைக் கூட்டிக்கொள்ள வழி இருக்கிறது. அதனால் ஒவ்வொரு அழைப்பும் எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் முடிந்தது என்று உங்கள் கையிலும் ஒரு கணக்கு இருக்கட்டும்.

இந்தக் கணக்குதான் மற்ற எல்லாவற்றுக்கும் வாசல். ‘முன்னாள் படைவீரர்’ என்ற தகுதி இருந்தால்தான் இடஒதுக்கீடும், வாழ்நாள் மருத்துவத் திட்டமும், பிள்ளைகளுக்கு உதவித்தொகையும் வரும். டெரிட்டோரியல் ஆர்மியிலிருந்து வந்தவர்களில் மூன்று வகையினரைத்தான் மத்திய அரசு அப்படி ஏற்கிறது: படைப் பணிக்காகப் பென்ஷன் பெறுபவர், படைப் பணியால் ஊனமடைந்தவர், வீரதீர விருது பெற்றவர். ஏழெட்டு ஆண்டு முகாமுக்குப் போய்வந்து கௌரவமாக விலகிய ஒருவர் இதில் வர மாட்டார். வங்கித் தேர்விலோ ரயில்வே தேர்விலோ ‘எக்ஸ் சர்வீஸ்மேன்’ என்ற கட்டத்தில் டிக் அடித்து, எழுத்துத் தேர்விலும் தேறி, சான்றிதழ் சரிபார்ப்பில் நிராகரிக்கப்படுவது எவ்வளவு பெரிய இடி! விண்ணப்பம் போடும் முன்பே இதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஊனம் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தந்த ஒரு தீர்ப்பு இந்தப் படையில் இருக்கும் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டியது. ராணுவத்தில் 25 ஆண்டு பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருவர் சுற்றுச்சூழல் பட்டாலியனில் சேர்ந்தார். விடுப்புக் காலத்தில் நடந்த விபத்தில் கால் போயிற்று. மருத்துவக் குழு 80 சதவீத ஊனம் என்றது, அது பணியோடு தொடர்புடையது என்றும் ஏற்கப்பட்டது. ஆனால் ஊனப் பென்ஷன் கிடையாது என்றார்கள். இந்தப் பிரிவில் இருப்பவர்களுக்குப் பென்ஷன் இல்லை என்றும், சேரும்போது அவரே அப்படிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்றும் காரணம் காட்டினார்கள். உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பென்ஷன் விதிகள் டெரிட்டோரியல் ஆர்மிக்கும் பொருந்தும் என்றது. வேலை வேண்டி நிற்கும் சாதாரண வீரனுக்கும் பலம் பொருந்திய அரசுக்கும் பேரம் பேசும் சக்தி சமமாக இல்லாத இடத்தில், அப்படி வாங்கிய கையெழுத்தைக் காட்டி உரிமையை மறுக்க முடியாது என்றும் சொன்னது. முகாமில் சின்ன அடி பட்டாலும் மருத்துவமனைச் சீட்டு இல்லாமல் வீடு திரும்பாதீர்கள். விலகும்போது நடக்கும் மருத்துவச் சோதனையைச் சடங்காக முடித்துவிடாதீர்கள். பத்து வருடம் கழித்து முழங்கால் மடக்க முடியாமல் போகும்போது அந்தக் காகிதம்தான் பேசும்.

முன்னாள் படைவீரர் என்ற தகுதி இருப்பவருக்கு என்ன உண்டு? குடும்பங்களுக்கு அதிகம் பயன்படுவது 2003இல் தொடங்கிய இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டம். ஒரு முறை பணம் கட்டிச் சேர வேண்டும். 2017 கடைசியில் நிர்ணயித்தபடி ஹவில்தார் வரை 30,000 ரூபாய், நாயப் சுபேதார் முதல் சுபேதார் மேஜர் வரை 67,000, அதிகாரிகளுக்கு 1,20,000. பிறகு கணவன் மனைவி இருவருக்கும் ஆயுள் முழுதும் சிகிச்சை. சார்ந்திருக்கும் பெற்றோரும், மணமாகாத மகளும், வேலைக்குப் போகாத மகன் 25 வயது வரையும் சேரலாம். முதலில் இந்தத் திட்டத்தின் பாலிகிளினிக், அங்கே எழுதித் தந்தால் அங்கீகரித்த தனியார் மருத்துவமனை, இதுதான் வரிசை. நெஞ்சுவலி, விபத்து போன்ற அவசரத்தில் நேரே மருத்துவமனைக்குப் போகலாம். ஆனால் 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் போய்ச் சேர வேண்டும். இந்த ஒரு விஷயம் தெரியாமல் முழுப் பில்லையும் கையிலிருந்து கட்டியவர்கள் உண்டு.

மத்திய அரசின் சி பிரிவு வேலைகளில் 10 சதவீதமும், பொதுத்துறை நிறுவனங்களிலும் வங்கிகளிலும் அதே பிரிவில் 14.5 சதவீதமும் முன்னாள் படைவீரருக்கு ஒதுக்கீடு. வயதைப் பார்க்கும்போது படையில் இருந்த ஆண்டுகளைக் கழித்து, மேலும் மூன்று ஆண்டு சலுகை தருவார்கள். பிளஸ் டூவில் 60 சதவீதம் வாங்கித் தொழிற்படிப்பில் சேரும் பிள்ளைகளுக்குப் பிரதமர் உதவித்தொகை இருக்கிறது. மாதம் பெண்ணுக்கு 3,000, பையனுக்கு 2,500. தமிழ்நாடு அரசும் ‘முதல்வரின் காக்கும் கரங்கள்’ திட்டத்தில் தொழில் தொடங்க ஒரு கோடி வரையிலான கடனுக்கு 30 சதவீத மூலதன மானியமும் 3 சதவீத வட்டி மானியமும் தருகிறது.

அக்னிவீரர்கள் நிலை வேறு. நான்கு ஆண்டு முழுநேரமாகப் பணி செய்தாலும், முடித்து வெளியே வருபவருக்குப் பென்ஷனோ இ.சி.எச்.எஸ். வசதியோ முன்னாள் படைவீரர் தகுதியோ கிடையாது. சேவா நிதியாகச் சுமார் 11.71 லட்சம் ரூபாய் வரி இல்லாமல் கைக்கு வரும். முதல் அணியினர் பயிற்சிக்குச் சேர்ந்தது 2022 கடைசியிலும் 2023 தொடக்கத்திலும். பெண் கொடுக்கும் வீட்டாரும் கடன் கொடுக்கும் வங்கியும் இந்த வேறுபாட்டைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

எல்லாத் தகுதியும் இருந்தும் காகிதத்தில் தடுக்கி விழுகிறவர்கள் நம்மூரில் ஏராளம். காரணம் இனிஷியல். டிஸ்சார்ஜ் புக்கில் தகப்பனார் பெயர் முழுதாகச் சேர்ந்திருக்கும், ஆதாரில் ஒற்றை எழுத்து நிற்கும், வங்கிக் கணக்கில் அந்த எழுத்து பெயருக்குப் பின்னால் போயிருக்கும். மனைவி பெயர் ராணுவ ஆவணத்தில் ‘லட்சுமி’, ரேஷன் கார்டில் ‘மகாலட்சுமி’. வீரர் உயிரோடு இருக்கும்வரை யாரும் இதைக் கவனிப்பதில்லை. அவர் போன பிறகு குடும்பப் பென்ஷனுக்கு எழுதும்போதுதான் திருப்பி அனுப்புவார்கள். திருமணம், குழந்தை பிறப்பு ஆகியவற்றைப் ‘பார்ட் டூ ஆர்டர்’ என்ற உத்தரவில் பதிந்திருக்க வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட் ஆவணங்கள் நீலகிரி வெலிங்டனில் இருக்கின்றன, மற்றவர்களுக்கு அவரவர் ரெக்கார்ட் ஆபீஸ். அப்பா நலமாக இருக்கும்போதே மகனோ மகளோ டிஸ்சார்ஜ் புக்கை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தையும் ஆதாரோடு ஒப்பிட்டுப் பார்த்து, பிழை இருந்தால் திருத்தக் கேட்டு எழுதிவிட வேண்டும். பென்ஷன் வாங்குகிறவர் ஆண்டுதோறும் ‘ஸ்பர்ஷ்’ என்ற ராணுவப் பென்ஷன் இணையதளத்தில் வாழ்வுச் சான்று தருவதையும் மறக்கக் கூடாது.

கடைசியாக, பழைய ரிசர்விஸ்டுகள். அந்தக் காலத்தில் சில ஆண்டு நேரடிப் பணி, அதன்பின் சில ஆண்டு ரிசர்வ் என்று ஒப்பந்தம் இருந்தது. ரிசர்வில் இருப்பவர் ஊரில் விவசாயம் பார்ப்பார், போர் வந்தால் அழைப்பார்கள். இரண்டையும் கூட்டி 15 ஆண்டு முடித்தவருக்கு ரிசர்விஸ்ட் பென்ஷனும் அவருக்குப் பின் மனைவிக்குக் குடும்பப் பென்ஷனும் உண்டு. 15 ஆண்டு நிறையாமல் பென்ஷன் இல்லாமலே திரும்பியவர்களும், அவர்களின் விதவை மனைவியரும் இன்னும் நம் கிராமங்களில் இருக்கிறார்கள். ஹவில்தார் வரையிலான பதவியில் இருந்து பென்ஷன் இல்லாமல், வேறு வருமானமும் இல்லாமல் 65 வயதைக் கடந்த முன்னாள் படைவீரருக்கும் அப்படிப்பட்டவரின் விதவை மனைவிக்கும் மத்திய சைனிக் போர்டு வறுமை உதவித்தொகை தருகிறது. மாதம் 4,000 ரூபாயாக இருந்தது, 2025 நவம்பர் முதல் வரும் விண்ணப்பங்களுக்கு 8,000. உங்கள் தெருவில் அப்படி ஒரு பாட்டி இருந்தால், பெட்டியின் அடியில் கிடக்கும் டிஸ்சார்ஜ் புக்கைத் தேடி எடுக்கச் சொல்லி, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குக் கூட்டிப் போங்கள். விண்ணப்பம் அந்த அலுவலகம் வழியாகத்தான் போக வேண்டும்.