செக் இன்ஜின் லைட் எரியுதா? ஆக்சிஜன் சென்சாரை மாற்றும் முன் கனெக்டரைப் பாருங்க!

போன மழை சீஸனில் ஒருநாள் காலை. அப்பாவின் பெட்ரோல் காரை ஸ்டார்ட் செய்தால், டேஷ்போர்டில் மஞ்சள் நிறத்தில் குட்டி இன்ஜின் படம். கார் என்னவோ நன்றாகத்தான் ஓடியது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரை மாட்டிப் பார்த்துவிட்டு, ''ஆக்சிஜன் சென்சார் போச்சு சார்... மாத்திடலாம்'' என்றார்கள். எஸ்டிமேட்டைப் பார்த்த அப்பா, ''ரெண்டு நாள் கழிச்சு வர்றேன்'' என்று காரை ஓட்டி வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பானெட்டைத் திறந்து பார்த்தால், சென்சார் நல்லாவே இருந்தது. அதற்குக் கரன்ட் கொண்டுபோகும் கனெக்டரின் வயரைத்தான் எலி கடித்து வைத்திருந்தது!

உங்கள் காரிலும் இதே லைட் எரிந்தால், சென்சாருக்குப் பணம் கட்டும் முன் 1 மணி நேரம் ஒதுக்கி கனெக்டரைப் பார்த்துவிடுங்கள்.

ஸ்கேனர் சொல்வதன் அர்த்தம் என்ன?

சைலன்ஸர் வழியாக வெளியேறும் புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சமிருக்கிறது என்று பார்த்து, காரின் மூளையான ஈசியுவுக்குச் சொல்வதுதான் இந்த சென்சாரின் வேலை. 1 கிலோ பெட்ரோல் முழுதாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். சென்சார் தரும் தகவலை வைத்துத்தான் பெட்ரோலைக் கூட்டணுமா, குறைக்கணுமா என்று ஈசியு முடிவு செய்யும். பிஎஸ்-6 பெட்ரோல் கார்களில் பொதுவாக இரண்டு சென்சார்கள் இருக்கும். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று.

சுமார் 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடானால்தான் இது வேலை செய்யும். அதனால் சென்சாருக்குள்ளேயே ஒரு குட்டி ஹீட்டரும் உண்டு. ஸ்கேனரில் பி0135 என்று வந்தால், முன்பக்க சென்சாரின் 'ஹீட்டர் சர்க்யூட்டில்' பிரச்னை என்று அர்த்தம். பின்பக்கத்துக்கு பி0141. கவனிங்க... சென்சாரில் என்று சொல்லவில்லை, சர்க்யூட்டில் என்றுதான் சொல்கிறது. ஃபியூஸ், வயர், கனெக்டர், சென்சார் எல்லாமே அந்த சர்க்யூட்டில் அடக்கம். இதில் எது காலி என்பது ஸ்கேனருக்குத் தெரியாது.

'கார்தான் ஓடுதே' என்று அப்படியே விட்டுவிடவும் கூடாது. சரியான தகவல் கிடைக்காத ஈசியு, ஒரு குத்துமதிப்பில் பெட்ரோலை அனுப்பும். மைலேஜ் குறையும். எரியாத பெட்ரோல் தொடர்ந்து போனால், சென்சாரைவிட விலை அதிகமான கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரே பாழாகலாம்.

கை வைக்கும் முன்...

* கார் வாரன்ட்டியில் இருந்தால் வயரை வெட்டாதீர்கள். சர்வீஸ் சென்டரிடமே விட்டுவிடுங்கள்.
* இன்ஜினை ஆஃப் செய்து, எக்ஸாஸ்ட் முழுதாக ஆறும்வரை சில மணி நேரம் காத்திருங்கள். அவசரப்பட்டால் கை வெந்துவிடும்.
* பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிவிடுங்கள்.
* முன்பக்க சென்சாரின் கனெக்டர் பல கார்களில் பானெட்டைத் திறந்தாலே கைக்கு எட்டும். பின்பக்கத்தது காருக்கு அடியில் இருக்கும். வெறும் ஜாக்கியை நம்பி காருக்கு அடியில் போகவே போகாதீர்கள்.

நோய் எங்கே?

சென்சாரிலிருந்து வரும் வயரைப் பிடித்துக்கொண்டே போனால் கனெக்டர் வரும். முதலில் மொபைலில் ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. பிறகு லாக்கை அழுத்திக் கழற்றுங்கள். வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது.

உள்ளே பச்சை அல்லது வெள்ளை நிறத்தில் பூத்திருக்கிறதா, ஏதாவது ஒரு பின் உள்ளே போயிருக்கிறதா, பிளாஸ்டிக் உருகியிருக்கிறதா, வயரில் பல் தடம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

அடுத்து மல்ட்டிமீட்டர். 4 வயர் சென்சாரில் ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டு வயர்கள்தான் ஹீட்டருக்கு. பெரும்பாலும் இவை வெள்ளையாக இருக்கும். சென்சார் பக்கத்து கனெக்டரில் அந்த இரண்டு பின்களுக்கு நடுவே ஓம்ஸ் வைத்துப் பாருங்கள். ஆறிய நிலையில் சில ஓம்கள் காட்டினால் ஹீட்டர் உயிரோடு இருக்கிறது. மீட்டர் எதுவுமே காட்டவில்லை என்றால், ஒர்க்‌ஷாப்பில் சொன்னது சரிதான். சென்சாரையே மாற்ற வேண்டும்.

சரிசெய்வது எப்படி?

வெறும் பாசிதான் என்றால் மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்து மாட்டிப் பாருங்கள். துரு நீக்கும் ஆயில் ஸ்ப்ரே, கிரீஸ் இரண்டுக்கும் இங்கே வேலை இல்லை.

கார் பக்கத்து கனெக்டர் உடைந்தோ, உருகியோ போயிருந்தால், வயரோடு சேர்ந்த கனெக்டர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் தனியாகவே கிடைக்கும். பழைய கனெக்டரின் போட்டோவைக் காட்டி, அதே மாடலை வாங்குங்கள்.

1. எல்லா வயரையும் ஒரே வெட்டாக வெட்டாதீர்கள். ஒன்றை வெட்டி, அதைப் புதிய கனெக்டரில் இணைத்த பிறகு அடுத்தது. நிறத்தை நம்ப வேண்டாம். எந்த பின்னுக்கு எந்த வயர் என்பதுதான் கணக்கு.
2. ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவோடு வரும் பட் கனெக்டரில் இரண்டு முனைகளையும் நுழைத்து, கிரிம்ப்பிங் பிளேயரால் அழுத்துங்கள். லேசாக இழுத்துப் பாருங்கள். கழன்று வரக் கூடாது.
3. எல்லா ஜாயின்ட்டும் ஒரே இடத்தில் வராமல், முன்பின்னாகத் தள்ளி அமையட்டும்.
4. ஹாட் ஏர் கன்னால் ஸ்லீவைச் சுருக்கி, மேலே வயர் டியூப் போட்டு, எக்ஸாஸ்ட்டைத் தொடாதபடி டை அடியுங்கள்.

சென்சாருக்கும் மூச்சு உண்டு!

'எதுக்கு கிரிம்ப்? ஈயம் வெச்சுப் பத்தவெச்சா ஸ்ட்ராங்கா இருக்குமே' என்று தோன்றலாம். புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்க, ஒப்பிட்டுப் பார்க்க வெளிக்காற்றும் வேண்டும். பல சென்சார்களில் அந்தக் காற்று, வயரின் மெல்லிய கம்பி இழைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி வழியாகத்தான் உள்ளே போகிறது. ஈயத்தையோ, கிரீஸையோ வைத்தால் அந்த மூச்சுக்குழாயை அடைப்பது மாதிரி. நல்ல சென்சாரும் தப்புத் தப்பாகச் சொல்ல ஆரம்பித்துவிடும். அதனால் சென்சார் பக்கத்து வயரில் சால்டரிங் கூடவே கூடாது.

5 அல்லது 6 பின் கனெக்டர் இருந்தால் அது வைட்பேண்ட் வகையாக இருக்கலாம். சில வைட்பேண்ட் சென்சார்களின் கனெக்டருக்குள்ளேயே, அந்த சென்சாருக்கென்று அளந்து வைத்த ஒரு ரெசிஸ்டர் இருக்கும். அதை வெட்டி எறிந்தால் சென்சாரின் கணக்கே மாறிவிடும். அதன் மேல் கை வைக்காமல் மெக்கானிக்கிடம் போய்விடுங்கள்.

வேலை முடிந்ததும் பேட்டரியை மாட்டி, ஸ்கேனரால் கோடை அழித்துவிட்டு, சில நாள்கள் ஓட்டிப் பாருங்கள். அதே கோடு மீண்டும் வந்தால் ஃபியூஸ், வயரிங் என்று இன்னும் உள்ளே தேட வேண்டும். லைட் நிலையாக எரியாமல் விட்டு விட்டு மின்னினால் அது மிஸ்ஃபயர் அறிகுறி. ஓரமாக நிறுத்திவிட்டு உதவிக்குக் கூப்பிடுங்கள்.

அப்பாவுக்கு ஆன செலவு ஒரு கனெக்டர், நான்கு ஸ்லீவ், அரை நாள் ஞாயிறு. லைட் அதற்குப் பிறகு எரியவில்லை. உங்களுக்கு பிளேயர் பிடிக்கவே வராது என்றாலும் பரவாயில்லை. மெக்கானிக்கிடம், ''கனெக்டரைக் கழற்றிப் பார்த்தீங்களா, ஹீட்டரில் எத்தனை ஓம்ஸ் காட்டுது?'' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பதில் வந்த பிறகு பர்ஸைத் திறக்கலாம்.