இளங்குதிரையின் அரங்கேற்றம்

பரதம் பயின்ற பெண்ணொருத்தி முதன்முறையாக மேடையேறும் நாளை அரங்கேற்றம் என்கிறோம். பயிற்சியறையிலே பிழையின்றி ஆடியவளுக்கும் விளக்கொளியையும் சபையையும் கண்டவுடன் கால் பின்னக்கூடும். ஆயினும், தான் எதற்காக அங்கே நிற்கிறாள் என்பதையாவது அவள் அறிவாள். அதனையும் அறியாமல் அரங்கேறுகின்ற உயிர் ஒன்றைப் பற்றியே இன்று பேசக் கருதுகிறேன். ஐரோப்பிய நாடுகளிலே, சிறப்பாக இங்கிலாந்திலும் ஜேர்மனியிலும், நாலு வயது நிரம்பிய இளங்குதிரைகளை நடைப்போட்டிக்கு முதன்முறை அழைத்துச் செல்லும் நிகழ்ச்சியே அது.

இப்போட்டிக்கு டிரெசாஜ் என்று பெயர். பழக்குதல் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லினின்றும் பிறந்தது அது. குதிரைப் பந்தயத்தை நேயர்கள் அறிவீர்கள். இஃது அதனைப் போன்றதன்று. இங்கே விரைவுக்குப் பரிசில்லை. மணலிட்ட அரங்கொன்றிலே குதிரை நேராகச் செல்லவேண்டும், வட்டமிடவேண்டும், ஒரு நடையிலிருந்து மற்றொரு நடைக்குத் தடுமாற்றமின்றி மாறவேண்டும், குறித்த இடத்தில் அசையாது நிற்கவும் வேண்டும். பழந்தமிழிலே குதிரையின் நேரோட்டத்துக்கு ஆதி என்றும், வட்டமாக ஓடுவதற்குச் சாரி என்றும் தனித்தனிப் பெயர்கள் உண்டு. ஆதியும் சாரியும் செம்மையாக அமைந்துவிட்டால் தொடக்கநிலைத் தேர்வின் பெரும்பகுதி முடிந்தது எனலாம்.

கலை பழையது. கிறித்துவுக்கு முன் நாலாம் நூற்றாண்டிலே கிரேக்க நாட்டுச் செனபோன் குதிரையேற்றம் பற்றி எழுதிய நூல் இன்றும் படிக்கப்படுகிறது. வியன்னா நகரத்து அரச குதிரையேற்றப் பள்ளியின் மண்டபம் 1735-இல் கட்டி முடிக்கப்பட்டது. ஒலிம்பிக் விளையாட்டிலே இப்போட்டி 1912-இல் ஸ்டொக்ஹோமில் இடம்பெற்றது. எனினும் 1948 வரையில் அங்கே படை அதிகாரிகளே போட்டியிட்டனர். 1952-இல் ஹெல்சிங்கியில் பெண்களுக்கும் வாயில் திறந்தது. அவ்வாண்டிலேயே டென்மார்க் நாட்டு லிஸ் ஹார்ட்டெல் என்னும் பெண்மணி வெள்ளிப் பதக்கம் வென்றார். இளம்பிள்ளை வாதத்தினால் முழங்காலுக்குக் கீழே உணர்விழந்தவர் அவர். குதிரைமீது ஏறவும் இறங்கவும் பிறர் துணை வேண்டியிருந்தது. உதைத்தும் இழுத்தும் ஓட்டுவதன்று இக்கலை என்பதற்கு அவரினும் சிறந்த சான்று காட்ட என்னால் இயலாது.

அரங்கை மனக்கண்ணிலே காண்போம். தொடக்கநிலைப் போட்டிகளுக்கு அது பெரும்பாலும் 40 மீற்றர் நீளமும் 20 மீற்றர் அகலமும் உடையது. சுற்றிலும் முழங்கால் உயரமும் எட்டாத வெண்ணிறச் சிறுவேலி. அவ்வேலியோரமாக இடைக்கிடை ஆங்கில எழுத்துகள் நாட்டப்பட்டிருக்கும். வாயிலிலே ஏ, அதற்கு நேரெதிரே சி. இடையிலுள்ள எழுத்துகள் அகரவரிசையில் அமைந்தவையல்ல. அதற்குக் காரணம் கூறுவார் பலர். ஒருவர் கூறுவது மற்றவர் கூறுவதோடு ஒவ்வாது. சி என்னும் எழுத்துக்குப் பின்னால் நடுவர் அமர்ந்திருப்பார். அவரருகே அவர் சொல்லச் சொல்லப் புள்ளியும் குறிப்பும் எழுதுபவர் ஒருவர். இங்கிலாந்தின் கிராமப்புறங்களில் மழைக்கும் குளிருக்கும் அஞ்சி நடுவர் தம் மோட்டார் காரிலேயே அமர்ந்து, மணியடிப்பதற்குப் பதிலாக அதன் ஊதுகுழலை ஒலிப்பதும் உண்டு.

மனிதருக்கு இதிலே அஞ்சுதற்கு ஒன்றுமில்லை. குதிரைக்கோ எல்லாமே அஞ்சுதற்குரியவை. ஏனெனில் அது இரையாகப் பிறந்த விலங்கு. எதிர்த்துப் போரிடுவதற்கு முன் ஓடித் தப்புவதே அதன் இயல்பு. கூட்டத்தோடு இருப்பதே அதன் காவல். நெடுந்தீவின் வெளிகளிலே திரியும் குதிரைகளைக் கண்டவர்கள் இதனை எளிதில் உணர்வர்: ஒன்று தலை நிமிர்த்திக் காதை நீட்டினால் மற்றவை மேய்வதை நிறுத்திவிடும். அதன் கண்கள் தலையின் இருபுறத்திலும் அமைந்திருப்பதால், முகத்துக்கு நேர்முன்னே சிறிதிடமும் வாலுக்குப் பின்னே சிறிதிடமும் தவிர, ஏறக்குறைய சுற்றுப்புறம் முழுவதையும் அது நின்றபடியே காணும். காண்பது மிகுதியாதலால் வெருள்வதும் மிகுதி.

இன்னொன்று. அரங்கோரத்துப் பூச்சாடியை இடப்புறமாகக் கடந்தபோது வாளாவிருந்த குதிரை, திரும்பி வலப்புறமாக வரும்போது அதே சாடியைக் கண்டு துள்ளி விலகும். ஒரு கண் கண்டதை மறுகண் அறியாது என்று இதற்குப் பழைய குதிரைக்காரர்கள் விளக்கம் கூறினர். அது சரியன்று, ஒரு கண்ணால் கற்றதை மறுகண்ணாலும் குதிரை அறிகிறது என்று ஆராய்ச்சியாளர் சோதித்துக் கண்டுள்ளனர். ஆனால் மறுபுறமிருந்து நோக்குகையில் அப்பொருளின் வடிவு வேறுபடுகிறது. வேறுபட்ட வடிவைக் குதிரை புதுப்பொருளாகவே கொள்கிறது. ஆகவே எதனையும் இருபுறத்திலும் காட்டிப் பழக்குதல் வேண்டும்.

இதனால், அறிவுடையோர் முதற்போட்டியைப் போட்டி நாளன்று தொடங்குவதில்லை. பல கிழமைகளுக்கு முன்பே, ஏற்றிச்செல்லும் வண்டியின் சாய்பலகையிலே ஏறவும், உள்ளே நின்று புல் தின்னவும், அமைதியாக இறங்கவும் அதனைப் பழக்குகிறார்கள். முதலில் எங்கும் செல்லாமலே ஏற்றி இறக்குவார்கள்; பின்னர் சிறுதொலைவு சென்று திரும்புவார்கள். இருண்ட, ஆடுகின்ற பெட்டியொன்றினுள் காலூன்றி நிற்பது குதிரைக்குப் பெரிய உழைப்பு. வளைவுகளிலே வேகமாகத் திருப்பும் சாரதி ஒருவர், பயிற்றுவோர் ஆறு மாதம் தேடிய நம்பிக்கையை அரை மணி நேரத்தில் அழித்துவிடுவார். அடுத்து, வேறொருவருடைய போட்டிக்குக் குதிரையைச் சும்மா அழைத்துச் செல்வதுண்டு. சேணமுமின்றி, கயிற்றிலே பிடித்து நடத்தி, ஒலிபெருக்கியையும் கொடிகளையும் குடைகளையும் காட்டி, புல் மேயவிட்டு, வீடு திரும்புவார்கள். பணமும் பொழுதும் வீண் என்று இதனை எள்ளுவோர் உளர். என் எண்ணத்தில், முழு ஏற்பாட்டிலும் இதற்கு ஈடான வேறொரு செலவில்லை.

போட்டி நாள் வருகிறது. நாலு வயதுப் பெட்டைக் குதிரை ஒன்றை எடுத்துக்கொள்வோம். விடியுமுன் பிடரிமயிரைப் பின்னிக் கட்டியாயிற்று. வண்டியிலே உலர்புல் வலைப்பை தொங்குகிறது. குதிரையின் இரைப்பையில் அமிலம் ஓயாது சுரந்துகொண்டே இருப்பதால், நெடுநேரம் வெறுவயிறாக இருத்தல் அதற்கு ஆகாது. வீட்டுக் கிணற்றுத் தண்ணீரும் கலங்களில் வருகிறது. ஏனெனில் வாசனை வேறுபட்ட நீரைச் சில குதிரைகள் நாள் முழுதும் தொடா. ஒருமணி நேரத்துக்கு மேலாகவே முன்னதாகச் சென்று சேர்கிறார்கள். இறங்கியதும் அது தலையை உயர்த்தி, மூக்குத்துளை விரியக் கனைக்கிறது. தன் இனத்தார் யாரேனும் இங்கே உளரா என்று வினவும் கனைப்பு அது. துணைக்கு வீட்டிலிருந்து மூத்த குதிரை ஒன்றைக் கொண்டுவந்தால் அமைதி கிடைக்கும். ஆனால் அரங்கினுள் தனித்துச் செல்லும் வேளையிலே பிரிவாற்றாமல் கதறவும் கூடும். அவ்வக் குதிரையின் குணமறிந்தே இதனை முடிவு செய்யவேண்டும்.

அரங்கைக் காட்டிலும் கடுமையான சோதனை, அதற்கு முந்திய பயிற்சி வெளியிலேதான் இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு குதிரைகள் பல திசைகளிலும் செல்லும். எதிர்ப்படுவோர் இடத்தோளுக்கு இடத்தோளாக விலகிச் செல்வது அங்கே வழக்கம். உதைக்கும் குதிரையின் வாலிலே சிவப்பு நாடா கட்டியிருப்பர்; இளங்குதிரைக்குப் பச்சை நாடா. முதல்நாட் குதிரையுடன் வந்தவர் ஒதுக்குப்புறமான மூலையிலே பெரிய வட்டங்களாக, வீட்டிலே நாள்தோறும் செய்வதையே செய்தல் நன்று. புதுப்பாடம் சொல்லிக்கொடுக்கும் இடம் அதுவன்று.

அவ்வேளையில் மேலே அமர்ந்திருப்பவரின் உள்ளம் எப்படியிருக்கிறது? சுவீடன் நாட்டு ஆய்வொன்று 2009-இல் வெளியாயிற்று. குதிரையுடன் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு நாலு முறை செல்லுமாறு சிலரைக் கேட்டுக்கொண்டு, நாலாம் முறையில் பக்கத்திலே குடை விரிக்கப்படும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தனர். குடை விரிக்கப்படவேயில்லை. ஆயினும் நாலாம் முறையில் மனிதரின் இதயத்துடிப்பு விரைந்தது. குடையைப் பற்றி ஒன்றுமறியாத குதிரையின் இதயத்துடிப்பும் உடன் விரைந்தது! கடிவாள வாரும் சேணமும் வழியாக அச்சம் கீழிறங்குகிறது என்று குதிரைக்காரர் கூறிவந்தது வெறும் பேச்சன்று. அதனாற்றான், மூச்சை ஆழ இழுத்து மெல்ல விடுதல் குதிரைக்குத் தரும் கட்டளைகளுள் முதலாவதாகக் கற்பிக்கப்படுகிறது.

மணி ஒலித்தால் 45 விநாடிக்குள் அரங்கினுள் புகவேண்டும். நடுக்கோட்டிலே நேராக வந்து நடுவருக்கு வணக்கம் செலுத்துவார்கள். பின்னர் நடையும், துள்ளுநடையும், அடுத்த படியாயின் மென்பாய்ச்சலும், 20 மீற்றர் வட்டங்களும். நீண்ட வாரிலே குதிரை கழுத்தைத் தாழ்த்தி நீட்டி நடக்கவும் விடுவார்கள். அதன் மனம் தெளிந்திருக்கிறதா என்பதை நடுவர் கண்டுகொள்ளும் இடம் அதுவே. பதற்றமுள்ள குதிரை கழுத்தை நீட்டாது. எல்லாம் ஐந்து நிமிட அளவே. பிரித்தானிய உள்நாட்டுப் போட்டிகளில் தேர்வின் வரிசையை அரங்கோரத்தில் நின்று ஒருவர் உரக்க வாசிக்கலாம். ஆனால் ஏறியிருப்பவர் குதிரையுடன் பேசுதல் ஆகாது. பேசினால் புள்ளி குறையும். மனிதன் குரலாலேயே தேறுதல் பெற்ற இளங்குதிரைக்கு அவ்வைந்து நிமிட மௌனம் பெருங்குறையே. இவ்விதியைத் தொடக்கநிலையிலாவது தளர்த்தலாம் என்பது என் கருத்து.

ஒவ்வோர் அசைவுக்கும் பூச்சியம் முதல் பத்து வரை தனிப்புள்ளி உண்டு. பத்து என்றால் மிகச் சிறப்பு. ஐந்து என்றால் போதும் போதாது என்பவற்றின் எல்லை. பூச்சியம், செய்யவேயில்லை என்பது. இம்முறையிலே ஒரு கருணை இருக்கிறது. நமது பெட்டைக் குதிரை பூச்சாடியைக் கண்டு வெருண்டு ஓரமாகத் துள்ளினால், அவ்விடத்துக்குரிய புள்ளியே குறையும். அடுத்த எழுத்திலே கணக்குப் புதிதாகத் தொடங்கும். நூற்றுக்கு அறுபது கிடைத்தால் முதல்நாளுக்கு அது நல்ல பெறுபேறு. நாலு காலும் சிறுவேலியைத் தாண்டி வெளியே சென்றால் மட்டும் தேர்வு அத்துடன் முடிந்தது.

இனி, இந்நாளின் கடினமான கேள்விக்கு வருவோம். கட்டணம் கட்டியாயிற்று, நண்பர்கள் காண வந்திருக்கிறார்கள், பயிற்சி வெளியிலே குதிரை வியர்த்து நடுங்குகிறது, பெயர் அழைக்கப்படுகிறது. உள்ளே செல்வதா, திரும்புவதா? சவுக்காலும் குதிமுள்ளாலும் அதனை உள்ளே செலுத்திவிட முடியும். மூக்கு வாரை இறுக்கிக் கட்டினால் வாய் திறந்து எதிர்ப்பதையும் மறைத்துவிடலாம். அவ்வாறு மறைப்பதைத் தடுக்கவே, வாரின் இறுக்கத்தை அளக்கும் கருவியைச் சர்வதேசக் குதிரையேற்றச் சம்மேளனம் 2025-இல் தன் போட்டிகளிலே கொண்டுவந்தது. ஆனால் கிராமத்துச் சிறுபோட்டியில் அன்று அதனை அளப்பவர் ஏறியிருப்பவர் ஒருவரே. குதிரைக்கு நெடுநினைவு உண்டு. வலியோடும் அச்சத்தோடும் அரங்கைக் கண்ட இளங்குதிரை, அடுத்தமுறை வெண்ணிற வேலியைத் தொலைவில் கண்டவுடனே பின்வாங்கும். அத்தகைய குதிரை அடங்காதது என்று பெயர் பெற்று, கைமாறிக் கைமாறி விற்கப்படுவதும் உண்டு. குற்றம் ஒரு காலை வேளையில் வேறொருவர் செய்தது. தண்டனையை அனுபவிப்பது குதிரை.

நடுக்கம் தணியுமாறு சிறிது நேரம் நடத்திப் பார்த்து, தணிந்தால் உள்ளே செல்லலாம்; தணியாவிடின் நடுவருக்குச் சொல்லியனுப்பிவிட்டு இறங்கிவிடுவதே முறை. இவ்வாறு இறங்கியவரை அங்கே யாரும் இகழ்வதில்லை. முதிர்ந்த பயிற்சியாளர் பலர் தம் நல்ல குதிரைகளைப் பற்றிப் பேசும்போது, உள்ளே செல்லாமல் திரும்பிய நாளையும் சேர்த்தே சொல்வார்கள்.

நமது பெட்டைக் குதிரை உள்ளே சென்றது என்றே வைத்துக்கொள்வோம். இரண்டிடத்தில் வெருண்டு, ஓரிடத்தில் நடையை மறந்து, முடிவிலே நடுக்கோட்டில் நாலு காலும் ஊன்றி நின்றது. வெளியே வந்ததும் கடிவாள வாரைத் தளர்த்தி, கழுத்தைத் தடவிக்கொடுத்து, சேணத்தின் இறுக்கத்தைக் குறைத்து நடத்திச் செல்கிறார்கள். நடுவர் எழுதிய தாளை வாங்கி வருபவர் வேறொருவர். குதிரையோடு வந்தவருக்கு அப்போது அவசரம் தண்ணீர்க் கலத்தில்தான். அடுத்த நாள் அதற்கு ஓய்வு. மூன்றாம் நாள் மீண்டும் சாய்பலகையை இறக்கி, புல்வலையைத் தொங்கவிட்டு, எங்கும் செல்லாமலே ஏற்றிப் பார்ப்பார்கள். தயங்காமல் ஏறிப் புல் தின்னத் தொடங்கினால், அடுத்த போட்டிக்கு விண்ணப்பம் எழுதலாம்.