சாராயத்தில் ஓடிய கார்கள்!

பெட்ரோல் பயத்தில் வாங்கியவர்கள் பட்ட பாடு

புதுக் கார் வாங்கப் போகிறவர் முதலில் என்ன கேட்கிறார்? "லிட்டருக்கு எத்தனை கிலோ மீட்டர் கொடுக்கும்?" என்றுதான். "பத்து வருஷம் கழித்தும் அந்த எண்ணெய் கிடைக்குமா?" என்று கேட்பவர் குறைவு.

அதையும் யோசித்து கார் வாங்கி, அப்படியும் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் பிரேசில் நாட்டுக்காரர்கள்!

1973-ம் ஆண்டு கடைசியில் அரபு நாடுகள் எண்ணெய் சப்ளையைக் குறைத்தன. சில மாதங்களில் கச்சா எண்ணெய் விலை ஏறக்குறைய 4 மடங்கு ஆனது. பிரேசில் தனக்கு வேண்டிய எண்ணெயில் சுமார் 80 சதவீதத்தை வெளிநாட்டில் வாங்கி வந்தது. என்ன செய்வது?

எண்ணெய் இல்லை, ஆனால் கரும்பு இருந்தது. கரும்பில் எரிசாராயம் வடித்து வண்டிக்கு ஊற்ற 1975 நவம்பரில் அரசாங்கம் திட்டம் போட்டது. முதலில் பெட்ரோலோடு கலந்தார்கள். 1979-ல் ஈரான் புரட்சியால் எண்ணெய் விலை மறுபடி எகிறியது. அந்த வருஷமே முழுக்க முழுக்க சாராயத்தில் ஓடும் கார் விற்பனைக்கு வந்தது. முதல் வண்டி, பியட் கம்பெனியின் '147' என்ற சின்னக் கார்.

விழுந்தடித்து வாங்கினார்கள்

பெட்ரோலைவிட சாராயம் மலிவாகவே விற்கும் என்று அரசாங்கம் ஏற்பாடு செய்தது. கார் வரியிலும் சலுகை. டாக்சிக்காரர்களுக்குக் கூடுதல் சலுகை.

குறையும் இருந்தது. ஒரு லிட்டருக்கு ஓடும் தூரம் சுமார் 30 சதவீதம் குறைவு. குளிர்ந்த காலையில் என்ஜின் லேசில் கிளம்பாது. கிளப்புவதற்கென்றே ஒரு குட்டி டாங்கியில் பெட்ரோல் வைத்துக்கொள்ள வேண்டும். ஜனங்கள் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. 1980-களின் நடுவில், விற்ற புதுக் கார்களில் 100-க்கு 90-க்கு மேல் சாராயக் கார்தான்!

தலைகீழ் மாற்றம்

1986-ல் கச்சா எண்ணெய் விலை மடமடவென்று சரிந்தது. சாராயத்துக்கு மானியம் கொடுப்பது அரசாங்கத்துக்குப் பாரமாகிவிட்டது. அதே சமயம், வெளிநாட்டில் சர்க்கரைக்கு நல்ல விலை வந்தது. ஆலைக்காரர் சும்மா இருப்பாரா? சர்க்கரை பக்கம் சாய்ந்தார்.

1989 கடைசியில் சாராயத்துக்குக் கடும் தட்டுப்பாடு. பங்க்குகளில் நீண்ட கியூ. பெட்ரோல் இருந்தது. ஆனால் அதை மட்டும் ஊற்றி ஓட்ட இந்தக் கார்கள் தயாரானவை அல்ல. வெளிநாட்டில் மெத்தனால் வாங்கிக் கலந்து அரசாங்கம் சமாளித்தது.

எண்ணெய்த் தட்டுப்பாட்டுக்குப் பயந்து வாங்கிய கார், சாராயத் தட்டுப்பாட்டில் மாட்டிக்கொண்டது! ஜனங்களுக்கு நம்பிக்கை போயிற்று. 1990-களின் கடைசியில், புதுக் கார்களில் 100-க்கு ஒன்றுகூட சாராயக் கார் இல்லை.

இரண்டும் குடிக்கும் கார்

2003-ல் வோக்ஸ்வேகன் கம்பெனி 'கோல்' காரில் புது என்ஜின் வைத்தது. பெட்ரோல் ஊற்றினாலும் ஓடும், சாராயம் ஊற்றினாலும் ஓடும், கலந்து ஊற்றினாலும் ஓடும். சில வருஷங்களில் மற்ற கம்பெனிகளும் இதே வழிக்கு வந்தன.

அங்கே பங்க்கில் இப்போது போடும் கணக்கு சுலபம். பெட்ரோல் விலை 100 என்றால், சாராயம் 70-க்குக் கீழே இருந்தால் சாராயம். மேலே போனால் பெட்ரோல்.

அதே எரிசாராயம்தான் நம் ஊர் பங்க்கில் 'எத்தனால்' என்ற பெயரில் 20 சதவீதம் கலந்து வருகிறது. மைலேஜ் குறையுமா, பழைய வண்டிக்கு ஒத்துக்கொள்ளுமா என்று இங்கேயும் பேச்சு நடக்கிறது. பிரேசில்காரரைக் கேட்டால் இன்னொரு கேள்வியும் சேர்ப்பார்: "இந்த எண்ணெய் கிடைக்காத நாளில், என் வண்டி வேறு எதில் ஓடும்?"