வேகம் அப்புறம்... முதல்ல ஒரே மாதிரி ஓட்டுங்க! சிம் ரேஸிங்குக்குப் புதுசா வர்றவங்களுக்கு

ராமநாதபுரத்துப் பையனுக்கு ரேஸ் ஆசை வந்தால் எங்கே போவான்? இருங்காட்டுக்கோட்டை டிராக் சுமார் 500 கிலோமீட்டர். கோவை கரி மோட்டார் ஸ்பீட்வே 300 கிலோமீட்டருக்கு மேல். அதனால்தான் தனுஷ்கோடி ரோடு கண்ணை உறுத்துகிறது. 2017-ல் அரிச்சல்முனை வரை திறக்கப்பட்ட சாலை. இரண்டு பக்கமும் கடல், நடுவில் நேர்கோடு. கூடவே டூரிஸ்ட் வேன்கள், ரோட்டில் ஏறிக் கிடக்கும் மணல். அங்கே ஒரு தப்பு நடந்தால் ‘ரீஸ்டார்ட்’ பட்டன் கிடையாது.

மேஜையில் ஸ்டீயரிங்கை மாட்டி, காலடியில் பெடலை வைத்து ஸ்கிரீனில் ஓட்டும் சிம் ரேஸிங்கில் அந்த பட்டன் உண்டு. லைசென்ஸ் வயது ஆகும்வரை காத்திருக்கவும் வேண்டாம். ‘கேம்தானே’ என்று சிரிக்கும் அப்பாக்களுக்கு ஒரு தகவல்: 2011-ல் ஜிடி அகாடமி என்ற வீடியோ கேம் போட்டியில் ஜெயித்த ஜான் மார்டன்பரோ, 2013-ல் நிஜமான லீ மான் 24 மணி நேர ரேஸில் தன் பிரிவில் மூன்றாவதாக வந்தார். 2023-ல் வந்த ‘கிரான் டூரிஸ்மோ’ படம் அவர் கதைதான்.

புதிதாக ஆரம்பிப்பவர்கள் எல்லோரும் விழும் குழி ஒன்றுதான். ஒரே ஒரு லேப்பையாவது பறந்து முடித்து, ஸ்கிரீன்ஷாட் எடுத்து நண்பனுக்கு அனுப்ப வேண்டும். ஆனால், கணக்கைப் பாருங்கள். ஒருவர் 10 லேப்பையும் 1 நிமிடம் 45 விநாடியில் ஓட்டுகிறார். மொத்தம் 17 நிமிடம் 30 விநாடி. இன்னொருவர் எட்டு லேப்பை 1:43-ல் முடிக்கிறார். இரண்டில் மட்டும் கார் சுற்றிவிட, அவை 1:58. மொத்தம் 17:40. வேகமானவர் 10 விநாடி பின்னால்!

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேர ரேஸில் அஜித்குமார் ரேஸிங் அணி தன் பிரிவில் மூன்றாவது இடம் பிடித்ததே, அதுபோன்ற ரேஸ்களில் ஒரு சூப்பர் லேப்பை வைத்து யாரும் மேடை ஏற முடியாது. ‘அசெட்டோ கோர்ஸா காம்பெட்டிஸியோனே’ கேமில் நிலையாக ஓட்டுவதற்கென்றே தனி மதிப்பெண் இருக்கிறது.

சரி, எப்படிப் பழகுவது? ஒரு கார், ஒரு டிராக். இரண்டு வாரம் அதையே ஓட்டுங்கள். தினம் கார் மாற்றினால் கை எதையும் பழகாது. முழு வேகம் வேண்டாம். கொஞ்சம் அடக்கியே ஓட்டுங்கள். முக்கியமானது பிரேக். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் ஒரு போர்டு, நிழல், ஓரக்கோடு என ஏதாவது அடையாளம் வைத்து, தினமும் அங்கேயே மிதியுங்கள். பாம்பன் பால ஏற்றத்தில் தினமும் பஸ் ஓட்டுகிறவர் கியர் போடும் இடம் மாறுமா? வளைவுக்குள் நுழைந்தபின் பார்வை பானெட் மேல் இருக்கக் கூடாது, வளைவின் முடிவில் இருக்க வேண்டும்.

அப்புறம், சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலி வேண்டவே வேண்டாம். பிரேக்கை அழுத்தினால் கார் நிற்காது, நாற்காலி பின்னால் போகும். சுவரை ஒட்டிப் போட்ட சாதாரண நாற்காலி போதும்.

10 லேப் நேரத்தையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். சிறந்த லேப்பைவிட, அதற்கும் மோசமான லேப்புக்கும் உள்ள இடைவெளியைத்தான் பார்க்க வேண்டும். அது ஒரு விநாடிக்குள் வந்ததும் ஆன்லைன் ரேஸில் இறங்கலாம். கடைசி வரிசையில் இடம் கிடைத்தாலும் வருத்தம் வேண்டாம். முதல் வளைவிலேயே முன்னால் நாலு பேர் மோதிக்கொண்டு வழிவிடுவார்கள்.