கன்று முட்டினால் பால் இறங்குவது ஏன்?

"பசுவுக்கு ஊசி போட்டுக் கறக்கிறார்களே, அந்தப் பாலைக் குடிக்கலாமா?" என்று ஒரு வாசகி கேட்டு எழுதியிருக்கிறார். ஊசியில் இருப்பது ஆக்சிடோசின் என்ற ஹார்மோன். ஒன்பது அமினோ அமிலங்கள் கோத்த சின்னச் சங்கிலி அது. குடித்தால் வயிற்றிலும் குடலிலும் செரித்துவிடும். என் கவலையெல்லாம் பசுவைப் பற்றித்தான்.

எங்கள் அப்பாயி கறக்க உட்காருமுன் கன்றை அவிழ்த்துவிடுவார். அது நாலு முட்டு முட்டிச் சப்பும். துவண்டு கிடந்த காம்புகள் ஒரு நிமிடத்தில் புடைத்து நிற்கும். "சொரப்பு விட்டுருச்சு" என்று கன்றை இழுத்துக் கட்டிவிட்டுச் செம்பை எடுப்பார்.

ஏன் அந்த ஒரு நிமிடம்? கன்று முட்டிய சேதி நரம்பு வழியாக நொடியில் மூளைக்குப் போய்விடும். திரும்பி வருவது ரத்தத்தில். மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி விடும் ஆக்சிடோசின், இதயத்தைச் சுற்றிக்கொண்டு மடிக்கு வர வேண்டும். அதே ரத்தம்தான் காதுக்கும் வாலுக்கும் போகிறது. அங்கே ஒன்றும் நடக்காது. மடியில் பால் ஊறும் நுண்பைகளைச் சுற்றிப் பின்னிக் கிடக்கும் தசை போன்ற செல்களில் இந்த ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் உண்டு. அவை இறுகியதும் பால் இறங்குகிறது. மடிப்பாலில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு இப்படி இறங்கினால்தான் கைக்கு வரும். அதுவும் சில நிமிடம்தான். அப்புறம் ஹார்மோன் சிதைந்துவிடும். நடுவில் நாய் குரைத்துப் பசு மிரண்டால் அட்ரினலின் குறுக்கே வந்து நிற்கும். பாலை அடக்கிக்கொண்டது என்கிறோமே, அது இதுதான்.

செவலைப் பசுவின் கன்று செத்தபோது தாத்தா அதன் தோலில் வைக்கோல் அடைத்துத் தோல்கன்று செய்தார். கண் இல்லை, கால் என்ற பேரில் நாலு குச்சி. பசு அதன் முதுகை நக்கி நக்கியே பால் விட்டது. வாசனை ஒன்றே அதன் மூளைக்குப் போதுமாக இருந்தது.

பிரசவத்தில் ரத்தப்போக்கை நிறுத்தித் தாயைக் காப்பாற்றுகிற மருந்தும் இதே ஆக்சிடோசின்தான். அப்பேர்ப்பட்டதை வேளை தவறாமல் பசுவின் உடம்பில் குத்துகிறார்கள். நாளாக நாளாக ஊசி இல்லாமல் அது பாலை இறக்காது. பால் கூட வேண்டுமென்று கறவை மாட்டின் உடல்நலம் கெடும்படி ஊசி போடுவது 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

கன்று இல்லாவிட்டாலும் ஊசி வேண்டியதில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் மடியைக் கழுவி, உள்ளங்கையால் நீவிக்கொடுங்கள். தினமும் அதே ஆள், அதே நேரம். பழகிவிட்டால், செம்பு கணீரென்று தரையில் படும் சத்தத்துக்கே காம்பில் பால் சொட்டும்.