இரண்டாம் இருதயம்

நெடுந்தொலை ஓட்டப் போட்டிகளைக் காணச் செல்வோர் வியப்பிற்குரிய காட்சி ஒன்றைக் காண்பதுண்டு. மாரத்தான் ஓட்டத்தின் தொலைவு 42.195 கிலோமீட்டர். அத்துணைத் தொலைவையும் தளராது ஓடிவந்த வீரர் ஒருவர் எல்லைக்கோட்டைத் தாண்டுகிறார். கூட்டத்தினரின் ஆரவாரம் வானை எட்டுகிறது. அவரோ இரண்டடி நடந்து நிற்கிறார். நின்ற சிறிது நேரத்தில் முகம் வெளிறுகிறது, கால்கள் துவள்கின்றன, வேரற்ற மரம்போல் மண்ணில் சாய்கிறார். ஓடும்பொழுது விழாதவர் ஓட்டம் முடிந்தபின் விழுவது ஏன்?

உடலில் நீர் வற்றியமையால் விழுந்தார் என்பர் சிலர். ஆற்றல் முழுவதும் தீர்ந்தமையால் விழுந்தார் என்பர் வேறு சிலர். இவையே காரணமாயின், அவர் வழியிலேயே அன்றோ விழுந்திருத்தல் வேண்டும்? கோட்டிற்கு முன்னும் பின்னும் உள்ள சில நொடிகளில் உடலின் நீரோ ஆற்றலோ பெரிதும் குறைந்துவிடுவதில்லை. அங்கே திடீரென மாறுவது ஒன்றே: அதுகாறும் இயங்கிய கால்கள் ஓய்ந்துவிடுகின்றன. வினாவிற்குரிய விடையும் அவ்வோய்விலேயே அடங்கியுள்ளது.

ஓய்ந்திருக்கும் மனிதரின் இருதயம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தத்தைச் செலுத்துகிறது. கடுமையாக ஓடும்பொழுது, பயிற்சி பெற்ற வீரரின் இருதயம் 20 லிட்டருக்கும் மேலாகச் செலுத்த வல்லது. அதன் பெரும்பகுதி உழைக்கும் கால் தசைகளைச் சென்று சேர்கிறது. உடலின் வெப்பத்தை வெளியேற்றும் பொருட்டு ஒரு பகுதி தோலுக்குப் பாய்கிறது. ஆதலின், அவ்விடங்களிலுள்ள இரத்தக் குழாய்கள் நன்கு விரிந்திருக்கும்.

பள்ளம் நோக்கிப் பாய்தல் நீரின் இயல்பு. அங்ஙனமாயின், கால்களில் இறங்கிய இரத்தம் மீண்டும் மேலேறி மார்பை அடைவது எவ்வாறு? இங்கேதான் கால் தசைகள் துணைபுரிகின்றன. ஒவ்வோர் அடி எடுத்து வைக்கும்பொழுதும் கெண்டைக்கால் தசைகள் சுருங்கித் தம்மிடையே உள்ள சிரைகளை அழுத்துகின்றன. கொல்லனின் துருத்தி அழுந்துந்தோறும் காற்று வெளிப்படுவதுபோல, சிரைகள் அழுந்துந்தோறும் இரத்தம் மேலே தள்ளப்படுகிறது. சிரைகளினுள் ஒருபுறமே திறக்கும் சிறு கதவுகளைப் போன்ற வால்வுகள் உள்ளன. அவை மேலேறிய இரத்தம் கீழிறங்காதவாறு தடுக்கின்றன. இவ்வால்வுகளின் பயனை ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628-ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் விளக்கினார். கெண்டைக்கால் தசைகளை 'இரண்டாம் இருதயம்' என்று கூறும் வழக்கம் பொருத்தமுடையதே.

ஓட்டம் நின்றதும் இவ்விரண்டாம் இருதயம் ஓய்ந்துவிடுகிறது. விரிந்த இரத்தக் குழாய்களோ உடனே சுருங்குவதில்லை. அதனால் இரத்தம் கால்களில் தேங்குகிறது. இருதயத்திற்குத் திரும்பும் இரத்தம் குறைகிறது. இரத்த அழுத்தம் தாழ்கிறது. மூளைக்குப் போதிய இரத்தம் செல்லாமையால் மயக்கம் உண்டாகிறது. வீரர் விழுந்ததும் தலையும் மார்பும் கால்களும் ஒரே மட்டத்தில் அமைகின்றன. தேங்கிய இரத்தம் எளிதில் திரும்புகிறது. வீழ்ச்சியே ஒருவகையில் இயற்கை அளிக்கும் மருந்தாகிறது.

தென்னாப்பிரிக்க மருத்துவர் டிம் நோக்ஸும் அவருடைய தோழர்களும் நெடுந்தொலை ஓட்டங்களில் மயங்கி வீழ்ந்தோரைச் சோதித்து, 1994-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். வீழ்ந்தவர்களுள் பெரும்பாலோர் எல்லைக்கோட்டைத் தாண்டிய பின்னரே வீழ்ந்தனர் என்பது அதனால் புலப்பட்டது.

இதனால் விளையும் பயன் பெரிது. விழுபவரைப் பலர் கூடித் தூக்கி நிறுத்துவது இரக்கத்தின் செயலே. ஆயினும் அது தீங்கு பயக்கும். நிமிர்ந்து நிற்கும்வரை மூளைக்குச் செல்லும் இரத்தம் பெருகாது. அவரைப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்திப் பிடித்தலே தக்க முறை. இவ்வகை மயக்கமுற்றோர் பெரும்பாலும் விரைவில் தெளிவடைவர். மயக்கம் வாராது காக்கும் வழியும் எளிது: ஓடி முடித்தவர் உடனே நின்றுவிடாமல் சிறிது நேரம் நடத்தல் வேண்டும்.

எல்லா வீழ்ச்சியும் இத்தகையதன்று. 1908-ஆம் ஆண்டில் இலண்டன் ஒலிம்பிக் போட்டியில் இத்தாலிய வீரர் டொராண்டோ பியெட்ரி எல்லைக்கோட்டை எட்டுவதற்கு முன்னரே பலமுறை விழுந்தார். திசையறியாது மாறியும் ஓடினார். பிறர் உதவியுடன் கோட்டைக் கடந்தமையால் பரிசையும் இழந்தார். 1984-ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் போட்டியில் சுவிட்சர்லாந்து வீராங்கனை கேப்ரியேலா ஆண்டர்சன் வெப்பத்தால் தளர்ந்து, இறுதிச் சுற்றைத் தள்ளாடித் தள்ளாடிக் கடந்தார். கால்கள் இயங்கும்பொழுதே ஒருவர் நிலைகுலைவாராயின், அதற்குக் காரணம் வேறாகும். உடல்வெப்பம் 40 பாகை செல்சியசுக்கு மேல் ஏறியிருக்கலாம், இருதயம் நோயுற்றிருக்கலாம். அளவிற்கு மீறி நீர் பருகியதால் இரத்தத்தில் உப்புச் சத்து குறைந்திருத்தலும் கூடும். 2002-ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபொழுது, நூற்றுக்குப் பதின்மூவரிடம் இக்குறை காணப்பட்டது. அத்தகையோர்க்கு மேலும் நீர் புகட்டுவது உயிருக்கே இடராய் முடியும். வெப்பம் மிக்கவரையோ காலந்தாழ்த்தாது குளிர்ந்த நீரால் தணித்தல் வேண்டும்.

ஆகவே, வீழ்ந்தவரிடம் விரைந்து செல்வோர் முதலில் அறியவேண்டுவன இரண்டு: அவர் கோட்டிற்கு முன் விழுந்தாரா, பின் விழுந்தாரா என்பது ஒன்று, அவர் அறிவு தெளிவாய் உள்ளதா என்பது மற்றொன்று. முன்னரே விழுந்தாலும், பிதற்றினாலும், படுக்கவைத்தும் தெளியாவிடினும் மருத்துவரை உடனே அழைத்தல் வேண்டும். பின்னர் விழுந்தவர் எனினும் அவரைத் தனியே விட்டகலுதல் கூடாது.

வீழ்ந்தவரைத் தாங்க நீளும் கை அன்பின் அடையாளம். எப்பொழுது தூக்குவது, எப்பொழுது கிடத்துவது என்பதை அக்கைக்கு உணர்த்துவது அறிவு. இரண்டும் இணைந்த இடத்தில் உயிர் காக்கப்படுகிறது.