கலைகள் குடியேறிய டார்டிங்டன் மாளிகை

தென்மேற்கு இங்கிலாந்தின் டெவன் பகுதியில், டார்ட் ஆற்றை ஒட்டிய வயல்வெளிகளுக்கு நடுவே நிற்கிறது டார்டிங்டன் மாளிகை. இரண்டாம் ரிச்சர்ட் மன்னருடன் ஒரே தாய் வயிற்றில் பிறந்த ஜான் ஹாலண்ட், 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டியது. பின்னர் 350 ஆண்டுகளுக்கும் மேலாக சாம்பர்னோன் குடும்பத்தின் சொத்தாக இருந்தது. 1925-ல் அது கைமாறியபோது, பெரிய கூடத்துக்குக் கூரையே இல்லை.

வாங்கியவர்கள் லெனார்ட் எல்ம்ஹர்ஸ்ட்டும் அவருடைய அமெரிக்க மனைவி டோரதியும். லெனார்டுக்கு முன்மாதிரி நம் நாட்டில் கிடைத்தது. 1922-ல் சாந்திநிகேதனை அடுத்த சுருல் கிராமத்தில் தாகூரோடு சேர்ந்து ஸ்ரீநிகேதனைத் தொடங்கியவர் அவர். உழவும் கைத்தொழிலும் பாட்டும் கூத்தும் ஒன்றாக வளர்ந்தால்தான் கிராமம் எழும் என்ற தாகூரின் எண்ணத்தை டெவனில் செய்துகாட்ட விரும்பினார்.

அதனால் மாளிகையைச் சுற்றிப் பண்ணைகள், தறிக்கூடம், மர அறுவை ஆலை, பள்ளிக்கூடம் எல்லாம் எழுந்தன. கட்டடக் கலைஞர் வில்லியம் வெயர், கூடத்துக்கு மீண்டும் மரக்கூரை அமைத்தார். யூதக் கலைஞர்களைத் தன் குழுவிலிருந்து நீக்க மறுத்து ஜெர்மனியை விட்டு வெளியேறிய நடனமேதை கர்ட் யோஸுக்கு 1934-ல் இங்கே இடம் கிடைத்தது. ரஷ்ய எழுத்தாளர் ஆன்டன் செகாவின் அண்ணன் மகன் மைக்கேல் செகாவ், 1936-ல் நடிப்புப் பயிற்சிக்கூடம் தொடங்கினார்.

தமிழ்நாட்டுக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. டார்டிங்டனில் தங்கிய நடனக் கலைஞர் உதய சங்கர், எல்ம்ஹர்ஸ்ட் தம்பதியின் உதவியுடன் இமயமலை அடிவாரத்து அல்மோராவில் கலை மையம் அமைத்தார். பாலசரஸ்வதியின் குரு கந்தப்ப பிள்ளை அங்கே பரதம் கற்பித்தார்.

1953-லிருந்து கோடைக்கால இசைப்பள்ளி இங்கு நடந்தது. 1961-ல் தொடங்கிய கலைக்கல்லூரி, 2010-ல் ஃபால்மத்துக்கு இடம்பெயர்ந்தது. கட்டடங்கள் அப்படியே இருந்தும், ஆண்டு முழுவதும் அங்கேயே தங்கிப் பயின்ற மாணவர் கூட்டம் போய்விட்டது.

பழைய மாளிகையைக் கலை மையமாக்க நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். திருப்பணிக்கு ஒதுக்கும் அக்கறையில் ஒரு பங்கு, அங்கே கற்பிப்பவருக்கும் கற்பவருக்கும் சேர வேண்டும். அவர்களுக்கு உறைவிடமும் வருமானமும் இருந்த காலத்தில்தான் டார்டிங்டன் உலகக் கலைஞர்களை ஈர்த்தது.